கழுத்துப் பட்டையும் கல்லறைச் சுவரும்

திருவிழா மேடைகளில் நாம் பெருமிதத்தோடு முழங்கும் கூற்று ஒன்று உண்டு. கிரேக்கமும் உரோமையும் மனிதரை மாடுகளைப்போல் சந்தையில் விற்றன; கிறிஸ்தவம் வந்தது; அடிமைத்தளை அறுந்தது என்பதே அது. குருத்துவ வாழ்வின் தொடக்கத்திலிருந்து நாமும் அதையே மறையுரைகளில் கூறி வந்தோம். கேட்டவர்கள் மனநிறைவோடு தலையசைத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பங்கின் இளையோர் கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்தாள். "சாமி, நான்காம் நூற்றாண்டிலேயே பேரரசர் நம் பக்கம் வந்துவிட்டார் என்கிறீர்கள். பிரேசில் கத்தோலிக்க நாடுதானே? அங்கே அடிமை முறை ஒழிய ஏன் 1888 வரை ஆயிற்று?" என்று கேட்டாள். நம்மிடம் விடை இருக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று கூறி இறுதிச் செபத்தைத் தொடங்கிவிட்டோம்.

செபத்தின் பின்னே ஒளிந்துகொண்ட அச்செயல் நம்மை இன்றுவரை உறுத்துகிறது. அன்று சொல்லாமல் விட்ட விடையை இன்று சொல்ல முனைகிறோம். அது இனிக்கும் விடையன்று.

சார்தீனியாத் தீவில் வெண்கலக் கழுத்துப் பட்டை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. தப்பி ஓடக்கூடும் என்று ஐயுறப்பட்ட அடிமைகளின் கழுத்தில் உரோமையர் பூட்டிய பட்டைகளுள் அதுவும் ஒன்று. அதைத் தாங்கியவன் இன்னாரின் அடிமை என்றும், கண்டவர்கள் ஓடவிடாமல் பிடிக்க வேண்டும் என்றும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த 'இன்னார்' யார்? பெலிக்ஸ் என்னும் தலைமைத் திருத்தொண்டர்! பீடத்தில் பணிபுரிந்தவர், ஏழைகளுக்குத் திருச்சபையின் உதவியைப் பகிர்ந்தளிக்கும் பணியோடு தொடர்புடைய திருநிலையில் இருந்தவர். கிறிஸ்துவின் பெயரெழுத்துகள் பொறித்த வேறு பட்டைகளும் கிடைத்துள்ளன. அடிமைத்தளையை அறுத்தோம் என்று முழங்கும் நாம், அத்தளையின்மேல் ஆண்டவரின் பெயரையே பொறித்தவர்களும் நம் முன்னோரே என்பதை ஏன் சொல்வதில்லை?

அறியாமையா?

பழங்காலத்தவர் அறியாமல் செய்தார்கள், மனிதர் யாவரும் சமம் என்னும் எண்ணமே அன்று பிறந்திருக்கவில்லை என்று சிலர் சமாதானம் கூறுவர். இது உண்மையன்று.

அடிமை என்பவன் உயிருள்ள கருவி என்றும், சிலர் இயற்கையாலேயே அடிமைகள் என்றும் அரிஸ்டாட்டில் தமது 'அரசியல்' என்னும் நூலின் முதற்பகுதியில் வாதிட்டார். இதை எல்லாரும் அறிவர். அதே பகுதியில் அவர் வேறொன்றையும் ஒப்புக்கொள்கிறார். அடிமை முறை இயற்கைக்கு முரணானது, வெறும் வழக்கத்தாலும் வன்முறையாலும் நிலைப்பது என்று கூறுவோர் தம் காலத்தில் இருந்தனர் என்பதே அது. அவர்களை மறுக்கவே அவர் எழுதினார். இறைவன் அனைவரையும் உரிமையுள்ளவராகவே விட்டார் என்ற கருத்தை அல்கிதமாஸ் என்ற கிரேக்கச் சொல்வல்லுநர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். ஆகவே கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே உண்மை சொல்லப்பட்டுவிட்டது. சொன்னவர்களின் நூல்கள் அழிந்தன. மறுத்தவரின் நூல் நின்றது. விந்தை என்னவெனில், தம் அடிமைகளுள் சிலருக்கு உரிமை வழங்குமாறு அரிஸ்டாட்டிலே இறுதி விருப்ப ஆவணத்தில் எழுதிவைத்தார். இயற்கையாலேயே அடிமையானவனை எந்த ஆவணம் உரிமையுள்ளவனாக்கும்? சாகும் வேளையில் அவரது கை அவரது மெய்யியலை நம்பவில்லை போலும்!

ஏதென்சு நகரின் செல்வம் எங்கிருந்து வந்தது? லவ்ரியோன் வெள்ளிச் சுரங்கங்கள் அதற்குப் பெரும் ஊற்றாயின. நிக்கியாஸ் என்ற செல்வர் 1000 அடிமைகளைச் சுரங்க வேலைக்கு வாடகைக்கு விட்டார் என்றும், ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் 'ஒபோல்' வெள்ளிக்காசு அவருக்கு வந்தது என்றும் செனபோன் எழுதிவைத்துள்ளார். நன்மை என்றால் என்ன, நீதி என்றால் என்ன என்று நகரத்தில் உரையாடிக்கொண்டிருந்தபோது, நிலத்தின் அடியில் குனிந்தவாறே மனிதர் செத்துக்கொண்டிருந்தனர்.

உரோமைக்கு வருவோம். கி.பி. 61இல் நகர ஆளுநர் பெதானியுஸ் செக்குந்துஸ் தம் அடிமை ஒருவனால் கொல்லப்பட்டார். அவ்வாறு நேர்ந்தால் அதே கூரையின்கீழ் வாழ்ந்த அடிமைகள் அனைவரும் கொல்லப்பட வேண்டும் என்பது பண்டை வழக்கு. அவ்வீட்டில் இருந்தவர்கள் 400 பேர். அவர்களுள் பெண்களும் சிறுவரும் இருந்தனர். பெரும்பாலோர் குற்றமற்றவர்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அச்சமே இக்கூட்டத்தை அடக்கி வைக்கும் என்று காசியுஸ் என்ற சட்ட அறிஞர் ஆட்சி மன்றத்தில் வாதிட்டார். மன்றம் இசைந்தது. நகரத்து எளிய மக்களோ கற்களையும் தீவட்டிகளையும் ஏந்தி எதிர்த்து நின்றனர். நீரோ சாலையின் இருமருங்கும் படைவீரரை நிறுத்தி அந்த 400 பேரையும் கொலைக்களம் அனுப்பினான்.

அந்நாளில் நீரோவின் ஆலோசகராக இருந்தவர் யார்? மெய்யியலாளர் செனெக்கா. அவர் வாய் திறந்ததாக இதை விவரிக்கும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஒரு சொல்லும் எழுதவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அதே செனெக்கா தம் நண்பர் லுச்சிலியுசுக்குப் புகழ்பெற்ற மடல்களை எழுதினார். அவற்றுள் ஒன்று, அடிமைகளும் மனிதரே, நம் எளிய நண்பர்களே, அவர்களோடு அமர்ந்து உண்பதில் இழுக்கில்லை என்று உருக்கமாகப் பேசுகிறது. அழகிய மடல்தான். 400 பேருக்கும் அது பிந்திவிட்டது. அம்மடலும் அடிமைகளை அன்போடு நடத்தச் சொல்கிறதே ஒழிய, அவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை.

எபிக்டெட்டசோ அடிமையாகவே வாழ்ந்தவர். நீரோவிடம் உரிமை பெற்ற எப்பப்ரோதித்துஸ் அவருக்கு உரிமையாளர். பின்னர் உரிமை பெற்ற எபிக்டெட்டஸ், உண்மையான உரிமை உள்ளத்தில் இருக்கிறது, அதை எந்த உரிமையாளனும் பறிக்க இயலாது என்று கற்பித்தார். அடிமையாய் இருந்தவர் அதைக் கூறும்போது அது வீரம். உரிமையாளன் அதே சொல்லைத் தன் அடிமையிடம் கூறினால் அதற்கு என்ன பெயர்?

சட்ட வல்லுநரும் உண்மையை அறியாதவர் அல்லர். அடிமை முறை இயற்கைக்கு மாறானது என்றும், இயற்கைச் சட்டத்தின் முன் மனிதர் சமம் என்றும் அவர்களே எழுதினர். 533இல் பேரரசர் யுஸ்தினியான் தொகுத்து வெளியிட்ட சட்டத் திரட்டில் அவ்வரிகள் உள்ளன. அதே திரட்டில், அடிமையை விற்பவன் அவனது நோயையும், ஓடிப்போகும் இயல்பு உண்டாயின் அதையும் வாங்குவோருக்கு அறிவித்தாக வேண்டும் என்ற விதிகளும் விரிவாக உள்ளன. சமம் என்னும் கொள்கைக்கு ஒரு வரி. சந்தை விதிகளுக்குப் பல பக்கங்கள்!

இதற்கு மாறாக வாழ்ந்தவரும் இருந்தனர். யூதருள் எசேனியர் என்ற குழுவினர் தம்மிடையே ஓர் அடிமையையும் வைத்துக்கொள்ளவில்லை என்றும், அடிமைகளை வைத்திருப்போரைக் கண்டித்தனர் என்றும் அலெக்சாந்திரியா நகரத்துப் பிலோ எழுதுகிறார். அது கிறிஸ்தவர் என்னும் பெயர் தோன்றும் முன்னரே வாழ்ந்து காட்டப்பட்ட நெறி. அந்தப் பெருமை நம்முடையதன்று.

நம் வரலாறு

திருச்சபையின் தொடக்கத்தில் உண்மையான ஒளி இருந்தது. அதை மறைப்பதும் பொய்யே. கி.பி. 112ஐ ஒட்டி ஆளுநர் பிளினி கிறிஸ்தவர்களைப் பற்றி அறிய இரு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். அவர்கள் சபையின் பணியாளர் என்ற பட்டத்தைத் தாங்கியிருந்தனர் என்று அவரே பேரரசருக்கு எழுதினார். 177இல் லியோன் நகரில் மறைச்சாட்சியாக மாண்ட பிளாந்தினா ஓர் அடிமைப் பெண். 203இல் கார்த்தேஜில் மாண்ட பெலிசித்தாவும் அடிமையே. அவரோடு மாண்ட பெர்பெத்துவா உயர்குடிப் பெண். திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டைக் கூர்ந்து கேளுங்கள்: அடிமையின் பெயர் முன்னும் உயர்குடிப் பெண்ணின் பெயர் பின்னும் வருகின்றன. ஒருகாலத்தில் அடிமையாய் இருந்த கலிஸ்து பேதுருவின் இருக்கையில் அமர்ந்தார். பிறரை மீட்பதற்காகத் தம்மையே அடிமைகளாக ஒப்புவித்தவர்கள் பலர் என்று உரோமை ஆயர் கிளமெந்து பெயரால் வழங்கும் திருமுகம் சான்று பகர்கிறது.

பின்னர் நடந்தது என்ன? 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கங்கிரா நகரில் கூடிய ஆயர் மன்றம், பக்தியைக் காரணங்காட்டி அடிமையை உரிமையாளனை விட்டு விலகும்படி கற்பிப்போரைச் சபித்தது. கான்ஸ்தந்தீன் பேரரசர், விண்ணக அழகின் சாயல் கொண்ட முகத்தில் குற்றவாளிகளுக்குச் சூட்டுக்குறி இடலாகாது என்று சட்டம் இயற்றினார். ஆனால் அதே சட்டத்தின்படி கையிலும் கெண்டைக்காலிலும் இடலாம்! இறைசாயலுக்குக் கழுத்தோடு எல்லை வகுத்த சட்டம் அது. அடிமை முறை இயற்கையின் விளைவன்று, பாவத்தின் தண்டனை என்று அகுஸ்தினார் விளக்கினார். இயற்கை என்ற அரிஸ்டாட்டிலின் வாதத்தை அவர் தகர்த்தார் என்பது மெய். எனினும் விலங்கு அப்படியே இருந்தது; அதற்குக் காரணம் மட்டுமே மாறியது.

ஒரே வீட்டில் மூவர்

இங்கேதான் நம் அன்பர்கள் இறுதி ஆயுதத்தை எடுப்பர். அது அக்காலச் சூழல், அக்காலத்தவரை இக்கால அளவுகோலால் அளக்கலாமா என்பர். நன்று. அக்கால அளவுகோலாலேயே அளப்போம். ஒரே குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

கப்பதோக்கியா, போந்து ஆகிய நாடுகளில் நிலபுலன்கள் உடைய செல்வக் குடும்பம் ஒன்று. அதன் பிள்ளைகளுள் மூவர் மக்ரீனா, பேசிலியார், நீசா நகர் ஆயர் கிரகோரியார். மூவரும் புனிதர்கள். ஒரே தாய் வளர்த்தவர்கள். ஒரே நூற்றாண்டில், ஒரே சட்டத்தின்கீழ் வாழ்ந்தவர்கள்.

பேசிலியார் பேரறிஞர், ஏழைகளுக்கும் நோயாளர்க்கும் இல்லம் எழுப்பியவர். ஆயினும் துறவு மடத்தைத் தேடி ஓடிவரும் அடிமைகளைப் பற்றித் தம் துறவு விதிகளில் அவர் கூறுவது என்ன? அறிவுரை கூறி உரிமையாளரிடமே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே. திருத்தூதர் பவுல் ஒனேசிமைப் பிலமோனிடம் அனுப்பியதை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். உரிமையாளன் பாவம் செய்யக் கட்டளையிடும் கொடியவனாயின் வேறு வழி காண வேண்டும் என்பது அவர் தரும் விலக்கு. பவுல் அனுப்பினார், உண்மை. ஆனால் அடிமையாக அன்று, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி எழுதி அனுப்பினார். திருமுகத்தின் முதற்பாதியைப் பின்பற்றுவது எளிது.

கிரகோரியார் சபை உரையாளர் நூலுக்கு ஆற்றிய நான்காம் மறையுரையில், அடிமைகளை வாங்கினேன் என்ற பெருமைப் பேச்சை எடுத்துக்கொண்டு அதைக் கிழித்தெறிகிறார். கி.பி. 380ஐ ஒட்டிய உரை அது. இறைசாயலுக்கு என்ன விலை கொடுத்தாய், எத்தனை காசுக்கு அதை எடைபோட்டாய், உரிமையோடு படைத்த இறைவனே மனிதரை அடிமைப்படுத்தாதபோது இறைவனுக்கும் மேலாக உன்னை உயர்த்தியது யார் என்ற பொருளில் கேட்கிறார். அன்போடு நடத்துங்கள் என்று அவர் கெஞ்சவில்லை. உடைமை கொள்வதே தவறு என்கிறார். பழங்கால இலக்கியத்தில் நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் அடிமை முறையை வேரோடு கண்டித்த தனிச்சிறப்பான குரல் அது. அக்காலத்தில் அப்படிச் சிந்திக்க முடியாது என்று இனி எவரும் கூற வேண்டா. சிந்தித்தார், மேடையேறிச் சொன்னார். அவருடைய அண்ணனே வேறுவிதமாக எழுதியிருந்தார்.

ஆயினும் கிரகோரியாருக்கும் முன்னே ஒருவர் செய்து முடித்துவிட்டார். அவர்களின் அக்காள் மக்ரீனா, தாய் எமிலியாவை இணங்கவைத்து, வீட்டின் பணிப்பெண்களைச் சகோதரிகளாகவும் தங்களுக்குச் சமமானவர்களாகவும் ஏற்றார். ஒரே பந்தி, ஒரே வகைப் படுக்கை, ஒரே செபம். நேற்று வரை நின்று பரிமாறிய கைகள் இன்று அருகமர்ந்து உண்டன. இதை அவருடைய வாழ்க்கை வரலாற்றில் எழுதியவர் தம்பி கிரகோரியாரே. தம்பியின் மறையுரைக்குக் கருத்து எங்கிருந்து வந்தது என்று தேடும் அறிஞர்கள் நூலகங்களைத் தேடுகின்றனர். அவ்வீட்டுச் சமையற்கட்டையும் சற்று எட்டிப் பார்க்கலாம் என்று நாம் கருதுகிறோம்.

பொதுநிலையினர் செய்த மற்றொரு செயலையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1981இல் வெளியான அகுஸ்தினாரின் புதிய மடல்களுள் ஒன்று அதை நமக்கு அறிவித்தது. ஆள்பிடி வணிகர் வட ஆப்பிரிக்காவின் உட்பகுதி மக்களைக் கவர்ந்து ஹிப்போ துறைமுகத்தில் கப்பலேற்றிக்கொண்டிருந்தனர். ஆயர் அகுஸ்தினார் அப்போது ஊரில் இல்லை. செய்தி அறிந்த இறைமக்கள் ஆயரின் வருகைக்காகவோ ஆணைக்காகவோ காத்திருக்கவில்லை. கப்பலிலிருந்தும் அடைத்து வைக்கப்பட்ட இடத்திலிருந்தும் ஏறத்தாழ 120 பேரை மீட்டனர். கொள்கை விளக்கம் ஆயரிடம் இருந்தது; மீட்பு மக்களின் கையால் நடந்தது.

ஆன்மா என்னும் ஒளிவிடம்

இப்போது அம்மாணவிக்கு விடை கூறலாம். மகளே, பண்டை உலகில் உண்மைக்குப் பஞ்சமில்லை. மெய்யியலார் அறிந்திருந்தனர், சட்ட வல்லுநர் எழுதி வைத்திருந்தனர், ஆயர்கள் போதித்தனர். ஆனால் எல்லாரும் சமத்துவத்தை ஆன்மாவுக்குள் வைத்துப் பூட்டினர். உள்ளத்தில் நீ உரிமையுள்ளவன் என்றார் மெய்யியலார். இறைவன் முன் நீ சமம் என்றோம் நாம். விண்ணகத்தில் தரப்படும் என்று சொல்லிய எதையும் மண்ணில் தரவேண்டிய தேவை எழவில்லை. இவ்வாறு, விடுதலை தரவேண்டிய உண்மையே விலங்குக்கு எண்ணெய் பூசும் மருந்தாயிற்று. ஆகவேதான் 1888 வரை ஆயிற்று. அடிமை முறையைத் தெளிவாகக் கண்டிக்கத் திருச்சபை இத்துணைக் காலம் எடுத்துக்கொண்டதே என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் வெளியிட்ட 'அனைவரும் உடன்பிறந்தோர்' என்னும் சுற்றுமடலில் வருந்தி எழுதினார். திருத்தந்தை வெட்கமின்றி ஒப்புக்கொண்டதை நாம் மேடைகளில் மறைப்பது எதற்காக?

பழங்கதையை நாம் ஏன் கிளறுகிறோம் என்று வாசகர் கேட்கலாம். அது பழங்கதையாய் முடிந்திருந்தால் கிளற வேண்டியதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று உள்ளது. புதுச்சேரி ஆலயத்தினுள் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவரைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் முறையிட, அது இடிக்கப்பட்டது. ஆலயத்தின் உள்ளே இருந்த சுவர் விழுந்தது. கல்லறைத் தோட்டங்களுக்கு இடையே எழுந்த சுவர்களோ பல ஊர்களில் இன்னும் நிற்கின்றன. அவற்றைப் பற்றிக் கேட்டால் வரும் விடை என்ன? "இறைவன் முன் எல்லாரும் சமம்தானே சாமி, இது ஊர் வழக்கம்!" ஆன்மாவுக்குச் சமத்துவம், எலும்புக்குச் சாதி. செனெக்காவின் மடல் இன்றும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் அத்தகைய சுவர் இருந்தது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று ஒரு வாயிலில் நுழைந்து மந்திரித்தோம். வெளியே வந்து மறு வாயிலில் நுழைந்து மந்திரித்தோம். இரு பக்கத்துக்கும் ஒரே புனித நீர், ஒரே செபம். சுவரைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. திருவிழா கெட்டுவிடும், பங்கு பிளவுபடும், மேலிடத்துக்குச் சிக்கல் என்று நமக்கு நாமே காரணங்கள் கூறிக்கொண்டோம். ஆண்டுகள் ஐந்து அப்படிச் சென்றன. மாற்றலாகி வந்தோம். 400 பேர் சென்றபோது வாளாவிருந்த மெய்யியலாளரைக் குறைகூற நமக்கு என்ன தகுதி உண்டு?

ஆகவே ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம். இனி மேடையேறி, அடிமைத்தளையை அறுத்தது கிறிஸ்தவம் என்று எவரேனும் முழங்கினால் அவரிடம் பணிவோடு கேளுங்கள்: எந்தக் கிறிஸ்தவம்? தலைமைத் திருத்தொண்டர் பெலிக்சின் கிறிஸ்தவமா, மக்ரீனாவின் கிறிஸ்தவமா? முன்னது பட்டையைப் பூட்டியது. பின்னது பந்தியில் இடம் விட்டது. இரண்டும் ஒரே நம்பிக்கை அறிக்கையைச் சொல்லின.

சுவர் இருக்கும் ஊர்களில், ஆயரின் சுற்றுமடல் வரட்டும், குருவானவர் முதலில் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டா. ஹிப்போ நகரத்து மக்கள் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் கப்பல் புறப்பட்டுப் போயிருக்கும். கல்லறைத் திருநாளுக்கு முன் நம் கல்லறைகளைத் துப்புரவு செய்வது வழக்கம். புல்லை அகற்றக் கடப்பாரை எடுத்துச் செல்கிறோம். இவ்வாண்டு அதைச் சுவர் வரைக்கும் கொண்டு செல்லுங்கள்.